இரண்டு நாற்பத்தொன்று

போர்ட்டோவில் நவம்பர் மழை
நம்மோடு சேர்ந்தே மேடேறும்.
பணிமனைப் பேருந்துகளில் இரவெல்லாம்
இருக்கைக்கு அடியில் சூயிங்கம் சுரண்டிவிட்டு
நனைந்து வந்து நின்றேன்.
சாவித்துளை இருந்த இடத்தில்
கறுப்பாய் ஒரு கண்ணாடிச் சில்லு.
"இனி போனைக் காட்டினால் போதும்" என்று
நிர்வாகம் ஒட்டிய தாளில்
புன்னகைக்கும் ஒரு வீட்டின் படம்.

சுவருக்குக் காது உண்டென்பது ஊரறிந்தது.
எங்கள் கதவுக்கு அன்று நாக்கு முளைத்தது.

போன் என் கைக்குள் அடங்கும் பொருள்.
நான் நிற்கும் இடத்தைச் சொல்லாதே என்றேன், நிறுத்திக்கொண்டது.
டார்ச் விளக்குச் செயலி எதற்கு
என் சொந்தக்காரர் எண்களைக் கேட்டது? நீக்கினேன்.
ஒட்டிய உறைக்குள் கடிதம்போல
செய்தி போய்ச்சேரும் செயலிக்கு மாறினேன்,
தங்கை லுசீலியாவையும் இழுத்துக்கொண்டு.
(ஸ்டிக்கர்கள் நன்றாயில்லை என்று
இன்றுவரை திட்டுகிறாள்.)
இதெல்லாம் ஒருத்தியால் ஆகும்.
நாற்பத்தெட்டு வீட்டுக்குப் பொதுவான கதவை
ஒருத்தி எப்படி அணைப்பது?

மூன்றாம் மாடி டெல்ஃபிம் கணக்கு எழுதுபவர்,
விதிமுறைகளை ரசித்து வாசிக்கும் அபூர்வப் பிறவி.
"உங்களைப் பற்றியதை நீங்கள் கேட்டால்
கொடுத்தே ஆகவேண்டும்" என்றார்.
கேட்டேன்.
இருபத்தொன்பதாம் நாள் தபாலில் வந்தேன்
இருநூற்றுப் பதினான்கு பக்கமாக.

செவ்வாய்தோறும் கால்மணி நேரத் தாமதம்: மீன் கடை.
கணவர் கப்பலில் இருந்த வாரங்கள்.
ஒரு ஞாயிறு முழுக்கத் திறக்காத கதவு.
என்னைவிட ஒழுங்காய் என்னை எழுதியிருந்தார்கள்.
பிழை ஒன்றும் இல்லை.
காரணமும் ஒன்றுகூட இல்லை.

படிக்கட்டில் நின்று கையெழுத்து வாங்கினோம்.
முதல் மாடி ஓஃபேலியா போடவில்லை.
பார்சல் இப்போது தொலைவதில்லை என்றாள்.
பார்சலைப் பொறுத்தவரை அவள் சொன்னது சரிதான்.

மே மாதம், நகர மன்றம். ஆளுக்கு மூன்று நிமிடம்.
நிர்வாகத்தின் வக்கீல் மெதுவாக, மரியாதையாகப் பேசினார்.
மரியாதையை உரித்தால் உள்ளே இருந்தது
பழைய கொட்டைதான்:
மடியில் கனமில்லையென்றால்
வழியில் என்ன பயம்?

நான் பேச்சு எழுதிக்கொண்டு போகவில்லை.
நூற்று முப்பத்தெட்டாம் பக்கத்தை வாசித்தேன்.
"மார்ச் ஒன்பது. இரவு இரண்டு நாற்பத்தொன்று,
கதவு திறந்தது.
இரண்டு நாற்பத்து நான்கு,
கதவு மூடியது."
அதோடு நிறுத்தினேன்.

கூடம் காத்திருந்தது.
தலைவர் கண்ணாடியைக் கழற்றி,
"அந்நேரத்தில் எங்கே போனீர்கள்?" என்றார்.
கேட்ட பிறகுதான்
கேட்டது என்னவென்று அவருக்கே உறைத்தது;
காது மடல் சிவந்தது.

சொல்ல மாட்டேன் என்றேன்.
இதை வாசிக்கும் உங்களுக்கும்தான்.
அந்த மூன்று நிமிடம் என் மடியின் கனம்.
திருடியது அல்ல, சுமந்தது.
கனமே இல்லாத மடி இங்கே யாருடையது,
கை தூக்குங்கள்.
வக்கீல் தன் தாள்களை அடுக்கினார்,
அடுக்கியவற்றையே மறுபடி அடுக்கினார்.

இதனால் ஒன்றும் நடந்துவிடவில்லை. ஒத்திவைத்தார்கள்.
ஜூலையில் இன்னொரு முறை.
டெல்ஃபிம் பதினோரு கடிதம் எழுதினார்,
பதினொன்றிலும் ஒரே பிரிவு எண்ணை அடிக்கோடிட்டு.

செப்டம்பரில், கேட்டவர்களுக்கு
இரும்புச் சாவி வெட்டித் தந்தார்கள். முப்பத்தொரு வீடு.
மற்றவர்கள் போனைக் காட்டுகிறார்கள், அவரவர் விருப்பம்.
விருப்பம் என்ற அந்தச் சொல்லைத்தானே
நாங்களும் கேட்டோம்.

என் சாவியில் ஒரு பல் சரியாக விழவில்லை.
கொஞ்சம் தூக்கி, இடப்பக்கம் சாய்த்துத் திருப்ப வேண்டும்.
மழையில் நின்று
திட்டிக்கொண்டே திருப்புகிறேன்.
அப்போது மணி என்ன என்று
யாருக்கும் தெரியாது.
எனக்கே சரியாகத் தெரியாது.